ஆபரேஷன் மேசை முதல் வீட்டுத் திண்ணை வரை

குடும்ப நலப் பாடம்



நீங்கள் இருவரும் கலந்து பேசி, "பிள்ளைகள் போதும், இனி ஆபரேஷன் செய்து கொள்ளலாம்" என்று முடிவு செய்திருக்கலாம். முடிவு செய்த பிறகும் மனதிற்குள் ஒரு கலக்கம் இருக்கத்தான் செய்யும். ஆத்தூர் சந்தைக்கு வரும் தாய்மார்களிடம் பேச்சுக் கொடுத்தால் அந்தக் கலக்கம் என்னவென்று தெரிந்துவிடும். "உள்ளே கூட்டிக்கிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கிறாங்க. அதுக்கு மேலே என்ன நடக்குதுன்னு ஒண்ணும் தெரியறதில்லீங்க" என்பார்கள்.

தெரியாத விஷயத்தில்தான் பயம் குடியிருக்கும். ஆகவே அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது, அங்கே செவிலியர்கள் என்ன வேலை செய்கிறார்கள், வெளியே வந்தபின் வீட்டிலே நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை இந்தப் பாடத்தில் படிப்படியாகச் சொல்கிறோம். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுவோருக்கு மற்றவர் வாசித்துக் காட்டுங்கள்.

நர்ஸம்மா எதற்கு?

ஆபரேஷன் என்றால் எல்லோருக்கும் டாக்டர்தான் நினைவுக்கு வருவார். கத்தி பிடிப்பது அவர்தான், சந்தேகமில்லை. ஆனால் டாக்டரின் கை வேலை பெரும்பாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு முந்திய நாளும், பிந்திய இரவும், மறுநாளும் உங்களைக் கண்ணை எடுக்காமல் பார்த்துக் கொள்வது செவிலியர். நாற்று நடுவது ஒரு நாள் வேலை. நட்டதைப் பிழைக்க வைக்கத் தண்ணீர் கட்டுவது பல நாள் வேலை. இரண்டும் சேர்ந்தால்தான் களத்து மேட்டுக்கு நெல் வந்து சேரும். மருத்துவமனையிலும் அப்படித்தான்.

கவனம் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சோகமான உதாரணம் உண்டு. 2014-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி, சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் பக்கத்தில் ஒரு குடும்ப நல முகாம் நடந்தது. ஒரே டாக்டர், சில மணி நேரத்திற்குள் 83 பெண்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தார். அதில் 13 பெண்கள் இறந்து போனார்கள். எல்லோரும் சிறு வயதுத் தாய்மார்கள், உங்களைப் போலக் கூலி வேலைக்கும் காட்டு வேலைக்கும் போகிறவர்கள். கொடுத்த மருந்தில் கோளாறா, கிருமி ஏறியதா என்று அப்போது பெரிய வாதம் நடந்தது. எதுவானாலும், அவசர அவசரமாக வரிசையில் நிறுத்தி ஆபரேஷன் செய்தால் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கவனிக்க முடியாது என்பது எல்லோருக்கும் புரிந்தது. 2016 செப்டம்பர் 14-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட கருத்தடை முகாம்களை 3 ஆண்டுக்குள் நிறுத்திவிட்டு, வசதியுள்ள மருத்துவமனைகளில் மட்டும் ஆபரேஷன் செய்ய வழி செய்யும்படி மத்திய, மாநில அரசுகளுக்குச் சொன்னது.

இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்துவதற்காக அல்ல. கருத்தடை ஆபரேஷன் பொதுவாக ஆபத்துக் குறைந்த ஆபரேஷன்தான். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இதைச் செய்து கொண்டு, தங்கள் காரியங்களை நல்லபடியாகப் பார்த்து வருகிறார்கள். ஆனால் "சின்ன ஆபரேஷன்தானே" என்று அலட்சியம் செய்யத் தக்க ஆபரேஷன் எதுவும் உலகத்தில் கிடையாது. இதை மட்டும் மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

முதல் படி: ஆபரேஷனுக்கு முன்

1. உண்மையைச் சொல்லுங்கள். கடைசியாக மாதவிலக்கு வந்த நாள், முன்பு நடந்த ஆபரேஷன், ஆஸ்துமா, சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, வலிப்பு, இருதயக் கோளாறு, ஏதாவது மருந்து சாப்பிட்டு உடம்பில் தடித்தது ஆகியவற்றை நர்ஸம்மா கேட்பார். "இதைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ" என்று மறைக்காதீர்கள். அவர் கேட்பது உங்களைக் கழித்துக் கட்டுவதற்காக அல்ல, உங்களுக்கு எந்த மருந்து ஒத்துக் கொள்ளும் என்று தெரிந்து கொள்வதற்காக.

2. இரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கப்படும். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் குறைவாக இருந்தால் இந்த ஆபரேஷன் செய்யக் கூடாது என்பது விதி. இரத்தம் போதாது என்றால் மனம் சோராதீர்கள். இரும்புச் சத்து மாத்திரையும், முருங்கைக் கீரையும், கம்பும், கேழ்வரகும், பேரீச்சம் பழமும் சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக் கொண்டு பிறகு வரலாம். அதுவரை தற்காலிகக் கருத்தடை முறை ஒன்றைக் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள்.

3. சம்மதப் படிவம். இதில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்குமுன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். இது நிரந்தர முறை, பிறகு மனம் மாறினால் எளிதில் திருப்ப முடியாது என்பது அதில் இருக்கும். ஆபரேஷன் செய்து கொள்பவரின் சம்மதம் இருந்தால் போதும். மற்றவர் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. மாமியார் சொன்னார், பணம் தருகிறார்கள், ஊரில் எல்லோரும் போகிறார்கள் என்பதற்காக யாரும் கையெழுத்து வைக்க வேண்டாம். கடைசி நிமிஷத்தில் "வேண்டாம்" என்று தோன்றினாலும் சொல்லலாம். அதற்காக மற்ற வைத்திய வசதி எதையும் உங்களுக்கு நிறுத்த முடியாது.

4. வெறும் வயிறு. இந்தப் பாடத்தில் மிக முக்கியமான விஷயம் இது. ஆபரேஷனுக்கு முன் குறைந்தது 6 மணி நேரம் சாப்பாடு, பால், காபி எதுவும் கூடாது. காலையில் ஆபரேஷன் என்றால் முந்தின இரவு சீக்கிரம் எளிதான சாப்பாடாகச் சாப்பிட்டு நிறுத்திவிட வேண்டும். தண்ணீரை எப்போது நிறுத்துவது என்று நர்ஸம்மா சொல்வார்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்கலாம். பல வருஷங்களுக்கு முன் ஒரு மருத்துவமனையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பெண்ணை அவள் மாமியார், "வெறும் வயித்தோட எப்படிம்மா தாங்குவே?" என்று பஸ் ஸ்டாண்டில் இரண்டு இட்லியும் காபியும் வாங்கிக் கொடுத்து அழைத்து வந்துவிட்டார். பாசத்தில் செய்த காரியம்தான். நர்ஸ் கேட்டபோது இருவருமே "ஒண்ணும் சாப்பிடலீங்க" என்று சொல்லிவிட்டார்கள். மயக்க மருந்து கொடுத்த சில நிமிஷத்தில் அந்தப் பெண்ணுக்கு வாந்தி வந்தது. விழித்திருக்கும் மனிதருக்கு வாந்தி வாய் வழியாக வெளியே போகும். மயக்கத்தில் இருப்பவருக்கு அது மூச்சுக் குழாய்க்குள் இறங்கி மூச்சை அடைத்துவிடும். தலைமாட்டில் நின்ற நர்ஸ் நொடியில் அவளைப் பக்கவாட்டில் திருப்பி, தலைப் பக்கத்தைத் தாழ்த்தி, குழாய் வைத்து உறிஞ்சி எடுத்ததால் உயிர் தப்பினாள். அன்று ஆபரேஷன் நடக்கவில்லை. வெளியே வந்த நர்ஸின் கை நடுங்கிக் கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மாமியார் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். ஆகவே தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் சொல்லிவிடுங்கள். ஒரு நாள் தள்ளிப் போவதால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

5. சுத்தமும் நகையும். அன்று காலை சோப்புப் போட்டுக் குளித்து, தொப்புளையும் சுத்தம் செய்து, துவைத்த துணி உடுத்திக் கொள்ளுங்கள். நகச் சாயம், கொண்டை ஊசி, கண்ணாடி வளையல், கொலுசு வேண்டாம். தாலிக் கொடியில் மாட்டி வைத்திருக்கும் ஊக்குகளை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். தாலியைக் கழற்ற மனம் வரவில்லையென்றால் நர்ஸிடம் சொல்லுங்கள், அவர் பிளாஸ்திரி போட்டு ஒட்டிப் பத்திரப்படுத்த வழி சொல்வார். முந்தானைக்குள் மறைத்துக் கொண்டு மட்டும் உள்ளே போகக் கூடாது. மின்சாரக் கருவி பயன்படும் இடத்தில் உலோகம் உடம்பைச் சுட்டுவிடலாம்.

6. சிறுநீர் கழித்துவிட்டுப் போங்கள். சிறுநீர்ப் பை நிறைந்திருந்தால் அது மேலே ஏறி நிற்கும். வயிற்றைத் திறக்கும்போது அதில் காயம் பட இடம் உண்டு. "இப்பத்தானே போனேன்" என்று சொல்லாமல் நர்ஸ் சொல்லும்போது இன்னொரு முறை போய் வாருங்கள்.

இரண்டாம் படி: கதவுக்குப் பின்னால்

தியேட்டருக்குள் போனதும் பச்சை நிற உடையும், வாயை மூடிய துணியுமாக எல்லோரும் ஒரே மாதிரி தெரிவார்கள். பயப்பட வேண்டாம். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு.

டாக்டருக்குப் பக்கத்தில் ஒரு செவிலியர் முழங்கை வரை கை கழுவி, கிருமி நீக்கிய கையுறை மாட்டிக் கொண்டு ஆயுதங்களை எடுத்துக் கொடுப்பார். அவர் சுத்தம் செய்த பொருளைத் தவிர வேறெதையும் தொடமாட்டார், தன் மூக்கைக் கூடத் தொடமாட்டார். இன்னொரு செவிலியர் வெளியிலிருந்து வேண்டியதை எடுத்துக் கொடுப்பார். மயக்க மருந்தைக் கவனிப்பவரும் செவிலியரும் உங்கள் தலைமாட்டில் இருந்து நாடி, மூச்சு, இரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துக் கொண்டே இருப்பார்கள். விரலில் ஒரு சிறு கிளிப் மாட்டுவார்கள். இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டும். அதனால் வலி கிடையாது.

ஆயுதங்களைச் சுத்தம் செய்வது எப்படி? நம் வீட்டுப் பிரஷர் குக்கர் மாதிரிதான், ஆனால் பெரியது, பலமானது. அதற்கு ஆட்டோகிளேவ் என்று பெயர். நீராவியை அழுத்தத்தில் அடைத்து, 121 டிகிரி சென்டிகிரேட் சூட்டில், துணியில் சுற்றிய ஆயுதங்களை 30 நிமிஷம் வைப்பார்கள். சாதாரணமாகக் கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரியில் நின்றுவிடும். தனுர்வாதம் என்கிற இசிவு நோயின் வித்துக் கிருமி அந்தச் சூட்டுக்குச் சாகாது. அதனால்தான் "வெந்நீரில் போட்டு எடுத்தால் போதாதா" என்ற பேச்சுக்கு மருத்துவமனையில் இடமில்லை.

தையல் போடுமுன் இன்னொரு வேலை உண்டு. எத்தனை பஞ்சு, எத்தனை துணித் துண்டு, எத்தனை ஊசி உள்ளே எடுத்து வந்தோமோ அத்தனையும் திரும்ப வந்துவிட்டதா என்று செவிலியர் வாய்விட்டு எண்ணிப் பார்ப்பார். கணக்குச் சரியானால்தான் தையல். சந்தைக்குப் பத்து ஆடு ஓட்டிக் கொண்டு போனவர் திரும்பும்போது தலையை எண்ணிப் பார்க்கிற மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். இங்கே ஒன்று குறைந்தால் அது நோயாளியின் வயிற்றுக்குள் இருக்கிறது என்று அர்த்தம்.

உலக சுகாதார நிறுவனம் 2008-ஆம் ஆண்டில் இதற்கெல்லாம் ஒரு பட்டியல் வகுத்துக் கொடுத்தது. அதில் 19 கேள்விகள் உண்டு. மயக்கம் கொடுக்குமுன், கத்தி வைக்குமுன், தியேட்டரை விட்டு வெளியேறுமுன் என்று மூன்று தடவை நிறுத்திக் கேட்டுக் கொள்ள வேண்டும். இவர் யார், என்ன ஆபரேஷன், எந்த மருந்து ஒத்துக் கொள்ளாது, பஞ்சுக் கணக்குச் சரியா என்கிற சாதாரணக் கேள்விகள்தான். புதுடில்லி உட்பட உலகத்தின் 8 நகரங்களில் இதைக் கடைப்பிடித்துப் பார்த்தார்கள். ஆபரேஷனுக்குப் பின் இறந்தவர்கள் 100-க்கு 1.5 பேராக இருந்தது 0.8 ஆகக் குறைந்தது என்று 2009-இல் கணக்குச் சொன்னார்கள். விலை உயர்ந்த மருந்தால் வந்த பலன் அல்ல இது. நின்று, கேட்டு, சரி பார்த்ததால் வந்த பலன். ஆகவே உள்ளே ஒரே கேள்வியை இரண்டு மூன்று பேர் உங்களிடம் கேட்டால், "எத்தனை தடவைதான் சொல்றது" என்று சலித்துக் கொள்ள வேண்டாம். பெயரும் ஊரும் ஒவ்வொரு முறையும் தெளிவாகச் சொல்லுங்கள்.

சில ஆபரேஷன்களில் அந்த இடம் மட்டும் மரத்துப் போக ஊசி போடுவார்கள். அப்போது விழிப்போடு இருப்பீர்கள். இழுப்பது போலவோ, அழுத்துவது போலவோ தெரியும். வலித்தால் உடம்பைத் திமிறாமல் வாயால் சொல்லுங்கள். நர்ஸம்மா உங்கள் கையைப் பிடித்துக் கொண்டு பேச்சுக் கொடுப்பார். அது உங்களைத் தைரியப்படுத்துவதற்கு மட்டுமல்ல. பேச்சு குழறினால் ஏதோ கோளாறு என்று அதிலிருந்தே அவர் தெரிந்து கொள்வார்.

மூன்றாம் படி: முதல் நான்கு மணி நேரம்

ஆபரேஷன் முடிந்துவிட்டது, இனி என்ன என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். செவிலியருக்கு முக்கியமான நேரம் அப்போதுதான் தொடங்குகிறது.

மயக்கம் முழுதும் தெளியும் வரை நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைப்பார். நாக்கு பின்னுக்குச் சரிந்து மூச்சை அடைக்காமல் இருக்கவும், வாந்தி வந்தால் வெளியே போகவும் இந்த ஏற்பாடு. குளிர் நடுக்கம் வந்தால் போர்த்திவிடுவார். முதல் ஒரு மணி நேரம் 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை நாடி, மூச்சு, இரத்த அழுத்தம் பார்த்துக் காகிதத்தில் குறித்துக் கொள்வார். கட்டு நனைகிறதா, முகம் வெளுக்கிறதா, சிறுநீர் போனதா என்றும் பார்ப்பார்.

"தூங்குற புள்ளையை ஏம்மா இத்தனை வாட்டி எழுப்புறீங்க?" என்று ஒரு தாயார் நர்ஸிடம் கோபித்துக் கொண்டார். நர்ஸ் ஒன்றும் பதில் சொல்லாமல் நாடியை எண்ணினார். முதல் தடவை 84. அடுத்தது 98. அதற்கு அடுத்தது 116. கட்டில் ஒரு சொட்டு இரத்தம் கூட இல்லை. ஆனால் நாடி ஏறிக் கொண்டே போகிறது, நெற்றியில் சில்லென்ற வியர்வை, "தண்ணி, தண்ணி" என்று முனகல். உடனே டாக்டரை அழைத்தார். வயிற்றுக்குள்ளே இரத்தம் கசிந்து கொண்டிருந்தது. மறுபடி தியேட்டருக்குக் கொண்டு போய்ச் சரி செய்தார்கள். அந்தப் பெண் பிழைத்து நல்லபடியாக வீடு திரும்பினாள். அம்மாவின் கண்ணுக்குத் தூக்கமாகத் தெரிந்தது, நர்ஸின் கணக்குக்கு ஆபத்தாகத் தெரிந்தது. நாடியை ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. திரும்பத் திரும்பப் பார்த்ததால்தான் தெரிந்தது.

இந்த நேரத்தில் துணைக்கு இருப்பவர் செய்ய வேண்டியவை:

1. நர்ஸ் சொல்லும் வரை தண்ணீர், காபி, சோடா, இளநீர் எதுவும் கொடுக்காதீர்கள். உதடு காய்ந்தால் ஈரத் துணியால் துடைத்துவிடலாம்.

2. கட்டிலை விட்டு நகராதீர்கள். மயக்கம் தெளிகிறவர் திடீரென்று எழுந்து விழுந்துவிடுவதுண்டு.

3. முகம் வெளுத்தாலோ, வியர்த்தாலோ, மூச்சுத் திணறினாலோ, நினைவு தடுமாறினாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். "தொந்தரவாக நினைப்பாரோ" என்ற தயக்கம் வேண்டாம்.

4. கணவன்மார்களே, நீங்கள் வராந்தாவில் இருங்கள். இரத்தம் வேண்டுமென்றாலும், கையெழுத்து வேண்டுமென்றாலும், மருந்து வாங்க வேண்டுமென்றாலும் உங்களைத்தான் தேடுவார்கள். அந்த நேரத்தில் டீக்கடையிலோ டாஸ்மாக்கிலோ இருந்தால் என்ன பிரயோசனம்?

மயக்கம் தெளிந்தபின் நர்ஸம்மா எழுப்பி உட்கார வைத்து, கையைப் பிடித்து நடக்கச் சொல்வார். "வயிறு கிழிஞ்சிடும்" என்று பயப்பட வேண்டாம், கிழியாது. சீக்கிரம் நடந்தால் காலில் இரத்தம் உறையாது, வாயு பிரியும், சளி கட்டாது. இருமல் வந்தால் இரண்டு கையாலும் தையல் இடத்தைத் தாங்கிக் கொண்டு இருமுங்கள். லேப்ராஸ்கோப் முறையில் செய்து கொண்டவர்களுக்குத் தோள் பட்டையில் வலி தெரியலாம். வயிற்றில் செலுத்திய காற்றினால் வருவது, இரண்டொரு நாளில் போய்விடும்.

எளிய ஆபரேஷன் ஆனாலும் குறைந்தது 4 மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். இரவு தங்கிப் போவது இன்னும் நல்லது. டாக்டர் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுக்காமல், "பஸ்ஸுக்கு நேரமாச்சு, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று சொல்லிக் கிளம்பிவிடாதீர்கள். மாட்டுக்குப் பக்கத்து வீட்டார் தண்ணீர் காட்டுவார்கள். உங்களைக் கவனிப்பதற்கு அங்கே ஆள் கிடையாது.

நான்காம் படி: வீட்டிலே

மருத்துவமனையில் நர்ஸ் செய்த வேலை இனி உங்கள் கைக்கு வருகிறது. ஆண்களே, இந்தப் பகுதி முக்கியமாக உங்களுக்கு.

ஓய்வு: முதல் 2 நாள் நல்ல ஓய்வு. பிறகு சின்னச் சின்ன வேலை. 2 வாரம் வரை தண்ணீர்க் குடம், புல்லுக்கட்டு, சோளத்தட்டு, குச்சிக்கிழங்கு மூட்டை தூக்கக் கூடாது. சிசேரியன் ஆன தாய்க்குக் கனமான வேலை 6 வாரத்துக்காவது ஆகாது. சேகோ பாக்டரி வேலைக்குப் போகிறவர்கள் ஒரு வாரக் கூலி போகிறதே என்று மூன்றாம் நாளே போய்க் கிழங்குக் கூடையைத் தூக்கினால், தையல் விட்டுக் கொண்டு ஒரு மாதக் கூலி போகும். குழாயடியில் குடத்தைத் தூக்கக் கணவன் போனால் அவனுடைய மரியாதை குறைந்துவிடாது. நாலு பேர் பார்க்கட்டும், பார்த்துக் கற்றுக் கொள்ளட்டும்.

குளியல்: ஒரு நாள் கழித்து உடம்புக்குக் குளிக்கலாம். கட்டு நனையக் கூடாது. நனைந்தால் சுத்தமான துணியால் ஒற்றி உலர்த்துங்கள்.

புண்: மஞ்சள், சாம்பல், விளக்கெண்ணெய், பவுடர், பச்சிலை, சாணம் எதையும் வைக்காதீர்கள். காயத்தில் தூவும் பவுடர் கூட நாமாக வாங்கிப் போட வேண்டாம். தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தையல் பிரிக்க 7-ஆம் நாள், அல்லது சீட்டில் எழுதிய நாளில் தவறாமல் போங்கள்.

சாப்பாடு: "முட்டை சாப்பிட்டால் சீழ் வைக்கும், பருப்பு ஆகாது, கத்திரிக்காய் ஆகாது" என்று வெறும் ரசம் சோற்றில் வைத்துவிடுகிறார்கள். இது தவறு. புண் ஆறுவதற்குச் சதை வளர வேண்டும், சதை வளரப் புரதம் வேண்டும். முட்டை, பருப்பு, பயறு, நிலக்கடலை, பால், மீன், கீரை, பழம் எல்லாம் கொடுங்கள். தண்ணீர் நிறையக் குடித்தால் மலம் இளகிப் போகும், முக்கினால் வரும் வலி இருக்காது. பால் கொடுக்கும் தாய் தாராளமாகப் பால் கொடுக்கலாம். ஆபரேஷனால் பால் கெட்டுப் போகாது.

மருந்து: எழுதிக் கொடுத்த மாத்திரையை எழுதிய நாள் வரை சாப்பிட வேண்டும். வலி நின்றுவிட்டது என்று பாதியில் நிறுத்தி, மீதியைக் குழந்தையின் காய்ச்சலுக்கு எடுத்து வைக்காதீர்கள்.

தாம்பத்தியம்: ஒரு வாரம் கழித்து, பெண்ணுக்கு உடம்பு ஒத்துக் கொண்டால் கூடலாம். பிரசவத்தோடு சேர்த்துச் செய்திருந்தால் உடம்பு தேறும் வரை பொறுங்கள். இதில் பெண்ணின் சொல்தான் கடைசிச் சொல்.

உடனே புறப்பட வேண்டிய அறிகுறிகள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

1. 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல்.
2. குறையாமல் கூடிக் கொண்டே போகும் வயிற்று வலி, வயிற்று உப்புசம், நிற்காத வாந்தி.
3. தையலில் இரத்தம், சீழ், கெட்ட வாடை.
4. தலை சுற்றல், மயக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி.
5. ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது.
6. சிறுநீர் போகாமல் இருப்பது.
7. பின்னாளில் மாதவிலக்குத் தள்ளிப் போவது.

கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். இந்த ஆபரேஷன் செய்து கொண்ட 1,000 பெண்களில் ஏறக்குறைய 5 பேருக்கு முதல் ஆண்டிலேயே கரு தங்கிவிட இடம் உண்டு. சில சமயம் கரு கர்ப்பப்பையில் தங்காமல் குழாயிலேயே தங்கி வெடித்துவிடும். அது உயிருக்கு ஆபத்து. அப்படி நாள் தள்ளினால் மனைவியைச் சந்தேகப்பட்டு வீட்டில் சண்டை போடாதீர்கள். அவள் மேல் தப்பு இல்லை. அவளை அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ஆபரேஷன் தவறினாலும், சிக்கல் வந்தாலும் அரசின் ஈட்டுறுதித் திட்டத்தில் உதவி கேட்க உரிமை உண்டு. அதற்காகவே டிஸ்சார்ஜ் சீட்டையும் சான்றிதழையும் ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.

ஆண்களுக்கு ஒரு கேள்வி

இவ்வளவும் படித்தபின் ஒரு விஷயம் தோன்றியிருக்கும். பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும், ஓய்வு வேண்டும், கண்காணிப்பு வேண்டும். ஆணுக்கோ? தழும்பில்லாத வாசக்டமி என்கிற முறை 1974-இல் சீன நாட்டு டாக்டர் லீ ஷுன்சியாங் கண்டுபிடித்தது. மரத்துப் போக ஊசி போட்டு ஒரு சிறு துளை வழியாகச் செய்வார்கள். கத்தி இல்லை, தையல் இல்லை. கால் மணி, இருபது நிமிஷ வேலை. அன்றைக்கே வீட்டுக்கு நடந்து போகலாம். 2 நாள் ஓய்வு, ஒரு வாரம் சைக்கிள் மிதிக்காமலும் மூட்டை தூக்காமலும் இருந்து, கோவணமோ இறுக்கமான உள்ளாடையோ கட்டிக் கொண்டால் போதும். ஒன்று மட்டும் முக்கியம்: 3 மாதம் வரை ஆணுறையோ வேறு முறையோ பயன்படுத்த வேண்டும். பிறகு விந்துப் பரிசோதனையில் உயிரணு இல்லை என்று தெரிந்த பின்தான் பாதுகாப்பு.

"ஆம்பளைத் தன்மை போயிடுமே, ஏர் பிடிக்கத் தெம்பு இருக்காதே" என்பது வீண் பேச்சு. ஆண் தன்மையைத் தரும் சுரப்பு இரத்தத்தில் கலந்து போகிறது. அதற்கும் நாம் கட்டுகிற குழாய்க்கும் சம்பந்தமில்லை.

ஒரு காலத்தில் நம் பக்கத்து ஆண்கள்தான் இதில் முன்னோடிகள். 1950-களின் பிற்பகுதியில் அன்றைய சென்னை ராஜ்யத்தில், 1951 மக்கள் தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர். ஏ. கோபாலசாமி போன்ற அதிகாரிகள் ஆண்களுக்கான இந்த ஆபரேஷனைப் பரவச் செய்தார்கள். கேரளத்து எர்ணாகுளத்தில் 1971 ஜூலை மாதம் ஒரே முகாமில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் செய்து கொண்டார்கள். பிறகு 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலைக் காலத்தில் நாட்டின் பல பாகங்களில் ஆண்களைக் கட்டாயப்படுத்தினார்கள். அந்தக் கசப்பில் ஆண்கள் ஒதுங்கிப் போனார்கள், பாரம் முழுதும் பெண்கள் தலையில் இறங்கியது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் 100 தம்பதிகளில் ஏறக்குறைய 38 பேரில் ஆபரேஷன் செய்து கொண்டவர் மனைவி. கணவன் செய்து கொண்டது 1,000-க்கு 3 பேர்தான்.

கட்டாயம் தவறுதான். யாரையும் இன்று கட்டாயப்படுத்த முடியாது, கூடவும் கூடாது. ஆனால் பிரசவ வலியை அவள் தாங்கினாள், பாலூட்டினாள், இராத் தூக்கம் கெட்டாள். இதையும் அவளேதான் தாங்க வேண்டுமா என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். யோசித்தபின் யார் செய்து கொள்வது என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

பாடம் புரிந்ததா?

ஒருவர் கேட்க, மற்றவர் விடை சொல்லிப் பாருங்கள்.

1. காலை ஆபரேஷன் என்றால் கடைசிச் சாப்பாடு எப்போது?
2. மயக்கம் தெளியாதவரை ஏன் ஒருக்களித்துப் படுக்க வைக்கிறார்கள்?
3. கட்டில் இரத்தம் இல்லாவிட்டாலும், உள்ளே இரத்தம் கசிவதை எந்த அறிகுறிகளால் அறியலாம்?
4. புண்ணில் மஞ்சளும் சாம்பலும் ஏன் வைக்கக் கூடாது?
5. தண்ணீர்க் குடத்தை 2 வாரம் தூக்கப் போவது யார்?

விடை சொல்லத் தடுமாறினால் மறுபடியும் ஒரு முறை படியுங்கள். அதற்கும் மேலே சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரையோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தையோ, ஆத்தூர் அரசு மருத்துவமனையின் குடும்ப நலப் பிரிவையோ கேளுங்கள். 104-க்குப் போன் செய்தும் ஆலோசனை பெறலாம். கேட்பதற்குக் காசு கிடையாது, வெட்கமும் வேண்டாம்.

படித்து முடித்ததும் இந்தத் தாளைக் கடைக்குப் பொட்டலம் மடிக்கப் போட்டுவிடாதீர்கள். பக்கத்து வீட்டுத் தம்பதிக்குக் கொடுங்கள்.